சத்தமில்லாமல் சிரித்தவர்கள்

ஆர்டித் புரூயட்டின் இடது காதின் மேல்பக்கம் ஒரு தழும்பு உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த வருஷம் ஏதோ ஒரு நடனப் படத்தில் பின்வரிசையில் நிற்பதற்காக அவளுக்குச் சுருள்முடி வைத்தார்கள். முடி சுருட்டிய பெண் சூட்டுக்கோலைக் காதில் வைத்துவிட்டாள். வைத்தவள் மன்னிப்புக் கேட்கவில்லை. தலையை ஆட்டியது உன் தப்பு என்றாள். பதினைந்து வருஷம் கழித்து அதே பெண், கொட்டும் மழையில், சன்செட் சாலையோரம் கார் நின்றுபோய்க் கை காட்டிக்கொண்டிருந்தாள். ஆர்டித் தன் காரை நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள். முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இதை அவளேதான் எனக்குச் சொன்னாள். முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டே, எப்போதோ சாப்பிட்ட ஒரு நல்ல விருந்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மழைன்னா மழை, நீவா. இந்த ஊர்ல அப்படிப் பெய்யறதே அபூர்வம். அன்னைக்குன்னு பெஞ்சுது பாரு."

ஃபவுண்டன் சாலைக்குப் பின்னால், எலுமிச்சை மரம் நின்ற ஒரு முற்றத்தைச் சுற்றியிருந்த சின்னச் சின்ன வீடுகளில் நாங்கள் குடியிருந்தோம். என்னைத் தவிர அங்கே எல்லாரும் துணை நடிகர்கள். என் பெயர் நீவா. கிளெண்டேலில் ஒரு தியேட்டரில் பாப்கார்ன் விற்றேன். அதிகம் பேசாதவளிடம் எல்லாரும் பேசுவார்கள். அப்படித்தான் எனக்கு இவ்வளவும் தெரியும்.

ஆர்டித்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மதுக்கடையில் துப்பாக்கி வெடித்ததும் மேசைக்கடியில் புகுகிற பெண். ரயில் நிலையத்தில் கைக்குட்டை ஆட்டுகிற கூட்டத்தில் இரண்டாவது ஆள். துப்பறிவாளன் உள்ளே நுழையும்போது கோட்டை வாங்கி மாட்டுகிறவள். காய்ச்சலில், வெள்ளத்தில், கப்பலில், அம்பு பட்டு என்று எத்தனையோ முறை செத்திருக்கிறாள். பார்க்காதவர்கள் கிடையாது, தெரிந்தவர்களும் கிடையாது.

துணை நடிகர்களுக்கு ஒரு வித்தை தெரிந்திருக்க வேண்டும். கதாநாயகனும் நாயகியும் விருந்து மேசையில் பேசும்போது பின்னால் இருக்கிற கூட்டம் சிரித்துக் கொண்டாடிக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் ஒரு சத்தமும் வரக் கூடாது. வந்தால் வசனப் பதிவு கெட்டுவிடும். வாய் திறக்கும், தோள் குலுங்கும், தொடையில் கை விழும், கண்ணில் தண்ணீர்கூட வரும். சத்தம் மட்டும் இருக்காது. பழகிப்போய் வீட்டிலும் அப்படியே சிரிப்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் மாலையில் முற்றத்துப் பக்கம் வந்தால், பத்துப் பேர் வாயைப் பிளந்து குலுங்குவதைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடுவார்கள்.

இந்த வித்தையில் ஆர்டித்தை மிஞ்ச ஆளில்லை. அவளுக்கு அதைக் கற்றுக் கொடுத்தது அவள் கணவன் ஃபிளாய்ட். வயோமிங்கிலிருந்து வந்த குதிரைக்காரன்; படங்களில் நாயகனுக்குப் பதிலாக விழுகிறவன். ஆர்டித் நடிக்கும்போது கேமராவுக்குப் பின்னால் நின்று கோமாளித்தனம் செய்வான். தொப்பியைத் தின்பான், குதிரையிடம் காதல் சொல்வான். அவள் வாய்விட்டுச் சிரித்தால் வேலை போய்விடும் என்று தெரிந்தே செய்வான். அவள் ஒருமுறையும் சத்தம் போட்டதில்லை.

சாட்ஸ்வொர்த் பாறைகளில் எடுத்த ஒரு குதிரைப் படத்தில் அவன் செத்தான். கூண்டு வண்டி மலைச்சரிவில் தறிகெட்டு இறங்க வேண்டும். வழியில் சுண்ணாம்பு அடித்து வைத்த ஒரு கல் வரும். அங்கே அவன் குதித்துவிட வேண்டும். முதல் முறை சரியாகக் குதித்தான். இயக்குநர் இன்னொரு முறை வேண்டும் என்றார். ஆர்டித் குடியேறி ஒருவனின் மனைவி வேஷத்தில், துணியால் செய்த குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் நின்றாள். எதிர் வெயில். கண் கூசியது. வண்டி வெளிச்சத்திலிருந்து வெளியே வரும்போதே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது. சக்கரம் உடைந்துவிட்டது என்று கம்பெனியில் சொன்னார்கள்.

இன்னொரு முறை கேட்ட அந்த இயக்குநரை அவள் பல வருஷம் மனதில் வைத்திருந்தாள். அவர் வயதாகி, தூக்கத்தில், வலியில்லாமல் போய்ச் சேர்ந்தார். செய்தியைப் படித்த அன்று ஆர்டித் சாப்பிடவில்லை. துக்கத்தில் அல்ல. கைக்கு எட்டியது நழுவிவிட்ட ஆத்திரத்தில்.

எழுபத்துநாலில் கில் ஹானவே வந்தான். முப்பது வயது, தோள்வரை முடி, டென்னிஸ் காலணி. ஒஹையோவில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பழைய படங்களாகப் பார்த்து வளர்ந்தவன். அந்தப் படங்களையெல்லாம் கிண்டல் செய்து ஒரு நகைச்சுவைப் படம் எடுக்கிறான் என்றார்கள். பெயர் 'கடைசி ரீலில் எல்லாரும் செத்துப்போவார்கள்.' குதிரைப் படம், துப்பறியும் படம், காட்டுப் படம், நடனப் படம் எல்லாம் ஒன்றிலேயே. துப்பறிவாளன் பிடிக்கிற சிகரெட் புகையில் கொலைகாரனும் போலீசும் ஒருவரையொருவர் தொலைத்துவிட்டுத் தேடுவார்கள். காட்டில் எவ்வளவு தூரம் நடந்தாலும் அதே வாழைமரம் வந்துகொண்டே இருக்கும். ஆட்டக்காரிகள் இறங்குகிற படிக்கட்டு முடியவே முடியாது. கடைசியில் சாப்பாட்டுப் பொட்டலம் வரவழைத்து நடுப்படியில் உட்கார்ந்து தின்பார்கள்.

அசல் முகங்கள்தான் வேண்டும் என்று எங்கள் முற்றத்தையே கூட்டிக்கொண்டு போனான். முதல் நாள் ஆர்டித்தின் முன்னால் வந்து நின்றுவிட்டானாம்.

"நீங்க அந்த ரயில்ல சாவீங்கல்ல? காலரா ஆஸ்பத்திரில மூணாவது கட்டில்? எனக்கு எட்டு வயசு. அழுதுட்டேன்."

முதன்முறையாக ஒருவன் அவளை அடையாளம் கண்டான். மறுநாள் அவனுக்கு எலுமிச்சை கேக் சுட்டுக்கொண்டு போனாள். அதனால்தான் பின்னால் நடந்தது அவ்வளவு ஆழமாகப் போயிற்று.

படப்பிடிப்பு முடிந்த அன்று ஹானவே எல்லாருக்கும் பீரும் சாண்ட்விச்சும் வாங்கிவைத்து, ஸ்டுடியோவின் சின்னத் திரையரங்கில் சில காட்சிகளைப் போட்டுக் காட்டினான். ஆர்டித்தின் மடியிலிருந்து மூக்குக்கண்ணாடி நழுவி விழுந்தது. அவள் குனிந்து தேடும்போது குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு வாத்து கத்தியது. அறை அதிரச் சிரித்தது. நிமிர்ந்து பார்த்தாள். கூண்டு வண்டி கவிழ்ந்துகொண்டிருந்தது. அந்தப் பாறைகளை அவளுக்குத் தெரியும். அடியில் போன ஆளையும்.

பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவன் வெண்டல். எங்கள் முற்றத்திலேயே மூத்தவன், வாழ்க்கை முழுக்கப் பணக்கார வீட்டு வேலைக்காரனாக நடித்துக் கதவு திறந்தவன், ஃபிளாய்டின் நண்பன். பிறகு நடந்ததை அவன் சொல்லித்தான் கேட்டேன்.

ஆர்டித் வெளியே போய் ஹானவேயைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அந்த வண்டிக் காட்சி எங்கேர்ந்து வந்துது, மிஸ்டர் ஹானவே?"

"ஸ்டுடியோ கிடங்குல பழைய துண்டுங்க விப்பாங்க. அதுல ஒண்ணு. ஏன்?"

"அதுல விழறது என் வீட்டுக்காரரு. அதுலதான் செத்தாரு."

ஹானவே முகம் வெளுத்தது. "சத்தியமா எனக்குத் தெரியாது, மிசஸ் புரூயட்."

"இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல. எடுத்துடுங்க."

அவன் பின்கழுத்தைத் தடவினான். "படத்துலயே பெரிய சிரிப்பு அதுதான். உள்ள கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"சரி, இப்படி வெச்சுக்கலாம். ரிலீசுக்கு முன்னாடி பிரிவியூ போட்டுக் காட்டற அன்னைக்கு, சிரிப்பைப் பதிவு பண்ண ஹால்ல டேப் ஓடும். ஜனங்க எங்க சிரிக்கறாங்களோ அந்த இடம் நிக்கும். சிரிக்காதது போகும். எல்லாக் காட்சிக்கும் அதே சட்டம்தான். அந்த வண்டிக்கு டேப்ல சிரிப்பு கேக்கலைன்னா என் கையாலயே வெட்டிடறேன்."

"கேக்கலைன்னா வெட்டிடுவீங்க."

"வாக்கு."

அவள் கையை நீட்டி அவன் கையைக் குலுக்கினாளாம். அந்தக் குலுக்கலை வெண்டல் கதவோரம் நின்று பார்த்திருக்கிறான்.

முன்னோட்டக் காட்சி நான் வேலை பார்த்த தியேட்டரில்தான் நடந்தது. தெருவில் போகிறவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி இலவசச் சீட்டுகளை முதலாளி என் பாப்கார்ன் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் அவற்றைப் பையில் போட்டு முற்றத்துக்குக் கொண்டு வந்தேன். ஆர்டித் நகரத்தில் இருந்த துணை நடிகர்களுக்கெல்லாம் போன் செய்தாள். கன்னியாஸ்திரிகள், தூக்குப் போடுகிறவர்கள், சூதாட்ட மேசைக்காரர்கள், வரவேற்பறைப் பெண்கள்; எல்லாம் அவரவர் படங்களில் போட்ட வேஷம்.

எலுமிச்சை மரத்தடியில் வெண்டல் அவளோடு மல்லுக்கு நின்றான்.

"வண்டி வர்ற இடத்துல மட்டும் வாயை மூடிக்கிட்டா போதும்ல? வாக்குக் குடுத்திருக்கான்ல?"

"போதாது."

"இன்னும் என்னதான் வேணும் உனக்கு?"

"ஒரு இடத்துலயும் சத்தம் வரக் கூடாது. மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும்."

"படம் நல்லா இருக்கு, ஆர்டித். நானே சொல்றேன். எனக்கு அதுல மூணு வரி வசனம். இத்தனை வருஷத்துல 'வாங்க ஐயா'ங்கறதைத் தாண்டி ஒருத்தன் எனக்கு எழுதிக் குடுத்திருக்கான். அதையும் சேத்துப் புதைக்கச் சொல்றியா?"

"ஃபிளாய்டு விழுந்தப்ப வாத்து கத்துச்சு. நீ சிரிச்ச."

வெண்டல் தரையைப் பார்த்தான். "அவன்னு தெரியாம சிரிச்சேன்."

"இப்பத் தெரியும்ல. சிரிக்காத."

பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்: "உம்முனு உக்காந்திருந்தா சந்தேகம் வந்துடும். சிரிக்கணும். வேலைக்குப் போனா எப்படிச் சிரிப்போமோ, அப்படி."

அன்று மாலை ஹால் நிறைந்தது. வேஷமில்லாத துணை நடிகரை யாருக்கும் அடையாளம் தெரியாது. மாமன்கள், அத்தைகள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி வந்து உட்கார்ந்தார்கள். சுவரோரங்களில் மைக் தொங்கியது. நடுவரிசையில் ஸ்டுடியோவின் பெரிய மனிதர் காலை நீட்டி உட்கார்ந்தார். ஹானவே உட்காரவில்லை, பின்கதவில் எனக்குப் பக்கத்தில் காப்பிக் கோப்பையோடு நின்றான். அங்கிருந்து பார்த்தால் பின்தலைகளும் தோள்களும்தான் தெரியும். ஆர்டித் எங்கே என்று தேடினேன். திரைக்குப் பக்கத்தில், வெளிவாசல் திரைச்சீலையோரம், முதுகைப் படத்துக்குக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றாள்.

புகைக் காட்சி வந்தது. தோள்கள் குலுங்கின. ஒருவர் முன்சீட்டில் நெற்றியை முட்டிக்கொண்டார். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். ஹானவே என்னைப் பார்த்துப் புன்னகைத்து, கோப்பையை வாய்க்குக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தினான்.

தலையைச் சாய்த்துக் கேட்டான். சுண்டுவிரலைக் காதில் விட்டு ஆட்டினான். ஹால் முழுக்கச் சிரிப்பு. கேட்பதோ படத்தின் வசனமும் மேலே புரொஜெக்டர் ஓடுகிற சத்தமும் மட்டும். வாழைமரம் திரும்பத் திரும்ப வந்தது. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். வசனம் ஓய்ந்த இடங்களில் ஊசி விழுந்தால் கேட்கும். ஒரு கன்னியாஸ்திரி தாங்க முடியாமல் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். திரையில் வெண்டல் கதவைத் திறந்து தன் மூன்று வரிகளைச் சொன்னான். மூன்றாவது வரிக்கு நான் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்; உதட்டைக் கடித்துக்கொண்டேன். நடுவரிசையில் வெண்டலே தன் வசனத்துக்குச் சத்தமில்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தான்.

அப்புறம் மலைச்சரிவு. வண்டிக்காரன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றிக் குனிந்து ஒரு வணக்கம் வைத்தான். வாத்து கத்தியது. வண்டி கவிழ்ந்தது. அந்த ஒரு இடத்தில் தோள்களும் நின்றுவிட்டன. ஒரு தலைகூட அசையவில்லை. ஆர்டித் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய மனிதர் படம் முடியுமுன் எழுந்து போய்விட்டார். விளக்கு வந்தது. கூட்டம் எழுந்து பின்பக்கம் திரும்பியது. ஹானவேயின் கையிலிருந்த காப்பி அவன் காலணியில் சிந்தியது. அவர்கள் ஒவ்வொருவராக அவனைக் கடந்து போனார்கள்; சின்ன வயதிலிருந்து அவன் பார்த்துப் பார்த்து வளர்ந்த முகங்கள். தூக்குப் போடுகிறவர் அவனுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்.

கடைசியாக ஆர்டித் வந்தாள்.

"தோள் குலுங்குச்சு. என் கண்ணால பாத்தேன்" என்றான் அவன்.

"அது வேலைப் பழக்கம். டேப்ல சிரிப்பு கேட்டுதா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப வெட்டுங்க."

"எதை, மிசஸ் புரூயட்? வண்டியையா, முழுப் படத்தையுமா? வண்டிக்கு மட்டும் சும்மா இருந்திருந்தாலே நான் எடுத்திருப்பேன்."

"சிரிக்காதது எல்லாம் போகும்னீங்க. சட்டம் உங்களோடது."

"நான் இந்தப் படத்தை உங்க எல்லாருக்காகவும்தான் எடுத்தேன்."

"கேக்கும் நான் உங்களுக்காகத்தான் சுட்டேன்."

என் மேசைக்கு வந்து ஒரு பாப்கார்ன் வாங்கினாள். வெண்ணெய் அதிகமாக ஊற்றச் சொன்னாள்.

ஸ்டுடியோக்காரர்கள் டேப்பைக் கேட்டுவிட்டு, சிரிப்பு இல்லாத இடங்களை வெட்டுகிறோம் என்று படத்தைப் பாதியாக நறுக்கினார்கள். மூச்சுவிட இடமில்லாமல் ஒரு வேடிக்கைமேல் இன்னொன்று விழுந்து, எதற்கும் சிரிக்க முடியாமல் போயிற்று. காரில் உட்கார்ந்து பார்க்கிற கொட்டகைகளில், வேறு படத்துக்கு இணைப்பாகச் சில நாள் ஓடிவிட்டு மறைந்தது. யாரும் எழுதவில்லை, யாரும் பேசவில்லை. வெண்டலின் வரிகள் மூன்றும் போயின. ஹானவே சலவைத்தூள் விளம்பரம் எடுக்கிறான் என்று கேள்விப்பட்ட அன்று ஆர்டித் கடைக்குப் போய்த் தேங்காய் கேக் வாங்கி, யாருக்கும் கொடுக்காமல் தின்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் முற்றத்துக்கு வந்தான். முடியை வெட்டியிருந்தான். கையில் தட்டையான சின்னத் தகரப் பெட்டி.

"மத்ததையெல்லாம் அவங்க வெட்டினாங்க. இதை மட்டும் அவங்க கைக்குப் போறதுக்கு முன்னாடி நான் வெட்டினேன். வாக்குக் குடுத்தேன்ல" என்றான். "முழு நீளம் இதான். அந்தப் பழைய குதிரைப் படத்துல இதோட பின்பாதிதான் வந்துது. வாத்து இதுல இல்ல."

ஆர்டித் வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவன் எலுமிச்சை மரத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போனான்.

பகல் ஆட்டம் தொடங்குமுன் எங்கள் தியேட்டர் ஆபரேட்டர் எனக்காக அதை ஓட்ட ஒத்துக்கொண்டார். காலி ஹாலில் ஆர்டித், வெண்டல், நான். விளக்கு அணைந்தது.

சரிவு. பாறைகள். சத்தமேயில்லாமல் குதிரைகள். சுண்ணாம்புக் கல் நெருங்குகிறது. வண்டியில் ஃபிளாய்ட் எழுந்து நிற்கிறான். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து, ராஜசபையில் நிற்கிறவன்போல, கேமராவுக்குப் பக்கத்தில் யாரையோ பார்த்துக் குனிகிறான். பல்லெல்லாம் தெரிகிறது. கல் கடந்து போகிறது. அவன் நிமிர்ந்து கல்லைத் தேடுகிறான். சக்கரம் முழுசாக இருக்கிறது. சாய்ந்த பிறகுதான் உடைகிறது.

"இன்னொரு தடவை போடச் சொல்லு" என்றாள் ஆர்டித்.

இரண்டாம் முறையும் அவன் குனிந்தான்.

"நான் பிரிவியூ அன்னைக்கே பாத்தேன்" என்றான் வெண்டல். "உங்கிட்டச் சொல்ல வாய் வரல."

"கல்லைத் தாண்டிட்டான்."

"தாண்டிட்டான்."

"துணிக் கொழந்தைய வெச்சுக்கிட்டு நான் நிக்கறதைப் பாத்து நக்கல். என்னைச் சிரிக்க வெக்கறதுக்கு." அவள் குரல் ஏறவில்லை. "எனக்கு அங்க வெயில்தான் தெரிஞ்சுது. அவன் குனிஞ்சதுகூடத் தெரியல. பாக்காத ஆளுக்கு வேடிக்கை காட்டிட்டுச் செத்திருக்கான் மடையன். நான் அந்த டைரக்டரைச் சபிச்சுச் சபிச்சே கிழவியாயிட்டேன்."

ஆபரேட்டர் விளக்கைப் போட்டார்.

"ஹானவேகிட்ட ஒரு வார்த்தை போய்ச் சொல்லேன்" என்றான் வெண்டல்.

"எதுக்கு? வாத்து வெச்சது அவன்தானே."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்த ஃபிளாய்டின் போட்டோவைத் திருப்பிச் சுவரைப் பார்க்கத் தொங்கவிட்டாள். தூசி தட்டும்போதுகூடப் பின்பக்கத்தைத்தான் தட்டினாள்.

சில வருஷம் கழித்து அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் ஒரு மத்தியானம் போட்டார்கள். ஆர்டித்தின் வீட்டில் மூவரும் பார்த்தோம். மிச்சமிருந்த புகைக் காட்சிக்கு வெண்டல் வாய்விட்டுச் சிரித்தான். ஆர்டித் எழுந்து போய்ச் சத்தத்தை அணைத்தாள். அதன் பிறகு அவனும் வேலைக்குப் போனதுபோலவே சிரித்தான்.

சாட்ஸ்வொர்த் பாறைகள் வந்தன. ஆர்டித் சட்டென்று எழுந்து ஃபிளாய்டின் போட்டோவைத் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பினாள். திரையில் கொஞ்சம் தூசி, ஒரு வெட்டு, அடுத்த நொடி மதுக்கடை. வண்டி இல்லை.

"இங்கதான் நீ இருந்த" என்றாள் போட்டோவிடம். "இப்ப இல்ல. பாத்துக்கிட்டியா?"

மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு அவனை அப்படி வெப்ப?" என்று கேட்டான் வெண்டல்.

ஆர்டித் காதோரத்து முடியைச் சரிசெய்துகொண்டாள். வெளியே முற்றத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"மழை வரட்டும். பாக்கலாம்."